லாரி ஸ்டிக்கர் ஒட்டிய கண்

நைனா,

உன் அம்மாவைக் கொன்றவனை நான் மன்னிக்கவில்லை. நீ இதைப் படிக்கிற நாளில் எனக்கு முடி நரைத்திருக்கும், ஒருவேளை நான் இல்லாமலும் போயிருப்பேன். அப்போதும் மன்னித்திருக்க மாட்டேன் என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன். அடக்கப் பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்குச் சாமியார் என் தோளில் கை வைத்து, கோபத்தை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடு என்றார். தலையை ஆட்டினேன். ஒப்படைக்கவில்லை. பதினோரு மாதமாக அது என்னிடம்தான் இருக்கிறது. அழுகை வரவில்லை. பசி வருவதில்லை. சாப்பிட்டோமா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கோபம் ஒன்றுதான் தினமும் நேரம் தவறாமல் வருகிறது.

இன்று உனக்கு நாலு வயது. ராயபுரத்தில் உன் அம்மாவின் தம்பி சார்லஸ் மாமா வீட்டில், அத்தை பிசைந்து கொடுத்த மீன் சோற்றைத் தின்றுவிட்டு இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாய். நான் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மதியம் இரண்டு மணி. எதிரே உலை ஆறிக்கொண்டிருக்கிறது. முழுக்க ஆற நாலு மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் திறக்கக் கூடாது. அதற்குள் இதை எழுதிவிட்டு, ராத்திரி உறையில் போட்டு மாமாவிடம் கொடுத்துவிடுவேன். நீ முதல் வேலைக்குக் கிளம்புகிற நாளில் உன்னிடம் கொடுக்கச் சொல்வேன். உறையை ஒட்டப் போவதில்லை. மாமா படிக்கட்டும், அத்தை படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து நான் ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். அதன்பிறகு அது ஊர் வாயில் விழும். நீ வளர்கிற காலத்தில் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் வாசலிலும் அது அரையும் காலுமாக உன் காதில் விழுந்திருக்கும். முழுசு இதுதான்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. மாலிப்டினம் டைசல்பைடு என்று ஒரு பொருள். கையில் எடுத்தால் கறுப்பாக மினுமினுக்கும், பென்சில் முனை மாதிரி விரலில் கறை படியும். புத்தகம் போல ஏடு ஏடாக அமைந்த பொருள் அது. அந்தக் கறுப்புத் துண்டின்மேல் ஒரு டேப்பை அழுத்தி ஒட்டிப் பிய்த்தால் கொஞ்சம் ஏடுகள் டேப்போடு வரும். அந்த டேப்பின்மேல் இன்னொரு டேப்பை ஒட்டிப் பிய்த்தால் அதில் பாதி வரும். இப்படிப் பிய்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு ஏடு மிஞ்சும். அதன் கனம் மூன்று அணு. அதை வளைகிற பிளாஸ்டிக் தாளின்மேல் படியவைத்து, இரண்டு பக்கமும் தங்கத்தில் மெல்லிய கோடு இழுத்தால் அது ஒரு கண். வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் ஓடும், வெளிச்சம் போனால் நின்றுவிடும். சாதாரண சிலிக்கான் கண்ணை வளைத்தால் உடையும். இதை விரலைச் சுற்றிக் கட்டலாம், உடையாது. உலையில் இப்போது ஆறிக்கொண்டிருப்பதும் அதே ஏடுதான். டேப்பில் துளித் துளியாக வருவதைக் கந்தகத் தூளை ஆவியாக்கிக் கொஞ்சம் பெரிசாக வளர்த்தெடுக்கிறோம்.

திருவொற்றியூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி, ஊரின் மறுகோடிக்குப் போய் நான் செய்கிற வேலை இதுதான் என்று தெரிந்தபோது உன் அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. "இன்னாயா, இவ்ளோ படிச்சிட்டு செல்லோடேப் ஒட்டி ஒட்டிப் பிக்கிறியா? பக்கத்து வூட்டு பையன் செவுத்துல செய்றானே, அத்தயா?" என்றாள். சட்டையில், மணலி எண்ணெய் ஆலைப் பக்கம் அடிக்கிற மாதிரி கந்தக வாடையோடு வந்தால், "மணலி காத்து ஆபீஸ் போய்ட்டு வந்துட்ச்சிபா" என்பாள். அவள் பெயர் ஃபிலோமினா. எல்லோருக்கும் ஃபிலோ. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். ஒரு ஸ்பேனரை எடுத்தால் எந்த நட்டுக்கு என்று பார்க்காமலே சொல்லுவாள். நம் வீட்டில் கையால் வேலை தெரிந்தவள் அவள்தான். நான் டேப் ஒட்டுகிறவன்.

உனக்கு முதல் வயது முடியும் முன்பு ஒரு சனிக்கிழமை அந்தக் கண்ணில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் கால் பெருவிரலைச் சுற்றி அதைக் கட்டி, எதிர்ப்பக்கம் ஒரு சின்ன சிவப்பு விளக்கை வைத்தேன். சதைக்குள் ரத்தம் பாய்கிற ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் துளி குறையும். அது திரையில் கோடாக ஏறி இறங்கும். "இன்னா இது, பூச்சி ஊர்ற மாறி கீது?" என்றாள். உன் பையனின் நாடி என்றேன். "ஐயே, இவ்ளோ வேகமாவா? ஓட்டப் பந்தயத்துல கீறானா? என்னுத வை, என்னுத வை" என்று விரலை நீட்டினாள். வைத்தேன். சிரித்துக்கொண்டே இருந்ததால் கோடு நடுங்கியது. நாற்பது விநாடி பதிவானது. அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது. ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. உனக்கு வேண்டுமானால் நீ திற.

இனி அவள் வேலை. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டை ஒட்டி ஒரு தகடு வெட்டும் கம்பெனி. பெயர் எழுத மாட்டேன், வழக்கில் இருக்கிறது. ஆள் உயரத்துக்குச் சுருட்டி வந்திருக்கும் இரும்புத் தகட்டை மெஷினில் ஏற்றினால், அது சுருள் பிரிந்து, உருளைகளுக்கு நடுவே தட்டையாகி, கத்தி இறங்கித் துண்டு துண்டாக வெளியே விழும். அந்த லைனை ஓட்டுகிற ஆபரேட்டர் உன் அம்மா. கத்தி இருக்கும் வாய்க்கு முன்னால் இரண்டு பக்கமும் கம்பம். ஒரு கம்பத்தில் கண், எதிர்க் கம்பத்தில் பிரதிபலிக்கும் தட்டு. கண்ணிலிருந்து சிவப்பு வெளிச்சம் கிளம்பி, எதிரே பட்டு, திரும்பிக் கண்ணுக்கே வரும். நடுவில் ஒரு ஆள் நுழைந்தால் வெளிச்சம் திரும்பாது, மெஷின் அந்தக் கணமே நின்றுவிடும். என் வேலைக்கும் அவள் வேலைக்கும் நடுவே இருந்த ஒரே உறவு அந்தக் கண்தான்.

அந்த இடத்தில் இரும்புத் தூசி, எண்ணெய்ப் புகை. கண்ணின் லென்ஸ் மங்கிவிடும். ஆளே இல்லாமல் லைன் நிற்கும், ஒரு ஷிப்டுக்குப் பத்து தடவை. நின்றால் ஷிப்ட் இன்சார்ஜ் வருவான். அவன் பெயர் தயாளன். "இன்னா ஃபிலோ, கண்ணு மூடிகிச்சா? உன் வூட்டுக்காரன்தான் பெரிய கண்ணு டாக்டராமே, இட்டாந்து காட்டேன்!" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். அவள் வீட்டில் வந்து சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை, அவனைப் போலவே நடித்துக் காட்டிச் சிரிப்புக்குத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, வஞ்சிரம் வறுத்து, சாப்பிட்டு முடித்த மதியம். "யோவ், மெய்யாலுமே கேக்கறேன். அந்தக் கண்ணுக்கு இன்னா கேடு? ஏன் சும்மா சும்மா நிக்குது?" என்றாள். நான் எழுந்து டார்ச் லைட்டை எடுத்தேன். சைக்கிளில் இருந்த ரிஃப்ளெக்டரைக் கழற்றினேன். வகுப்பு எடுத்தேன். "அதுக்கு ஆள் தெரியாது ஃபிலோ. வெளிச்சம் திரும்பி வருதா, வரலயா, அவ்ளோதான் தெரியும். கண்ணு மூஞ்சிக்கு நேரா ஒரு ரிஃப்ளெக்டர் துண்ட ஒட்டிட்டா, நடுவுல யானயே நின்னாலும் எல்லாம் ஓகேன்னு சொல்லிகினே கெடக்கும்."

"யானை இன்னாத்துக்குயா சாத்தாங்காட்டுக்கு வருது, ஆணி வாங்கவா?"

"லாரி பின்னாடி செவப்பும் வெள்ளையுமா ஒட்டுவாங்களே, ஸ்டிக்கர், அது போதும். அந்த கண்ணு அவ்ளோ முட்டாளு. எங்களோடது அப்படி இல்ல" என்றேன். கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது. என் மனைவியின் தொழிற்சாலையில் இருக்கும் கண்ணைவிட என் கண் உசத்தி என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

நைனா, அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் ஒன்று இருந்தது. லென்ஸைத் தினமும் காலையில் ஒரு மெத்தென்ற துணியால் துடை. அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. எனக்கு அது தெரியும். சொல்லவில்லை. துணியால் துடை என்று சொல்ல என்னைப் போல ஒருவன் எதற்கு? நீ வேலைக்குப் போகிற இடத்தில் யாராவது உன்னிடம் ஒன்று கேட்டால், உன் படிப்பைக் காட்டுகிற பதிலைச் சொல்லாதே, கேட்டவரின் கை தப்புகிற பதிலைச் சொல். ஒரு மெஷின் நின்றால், அதை எப்படி ஓடவைப்பது என்று கேட்காதே, ஏன் நின்றது என்று கேள். நிற்பதும் அதன் வேலைதான்.

அவள் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "எங்க வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரிமா?" என்று தயாளனுக்குப் பதிலடி கொடுக்கிற மாதிரி. அவன் அன்றைக்கே யார்டில் நின்ற ஒரு ட்ரெய்லரின் பின்னாலிருந்து ஒரு சாண் ஸ்டிக்கரை உரித்து, துண்டு வெட்டி, கண்ணின் இரண்டு பக்கமும் ஒட்டி, முன்னால் வளைத்து விட்டான். சாயங்காலம் வந்து, "யோவ், நீ சொன்னத அண்ணன் செஞ்சிட்டாரு. ஒரு தபாகூட லைன் நிக்கல. எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்தாரு. உன் வூட்டுக்காரன் மூளக்காரன்னாரு" என்றாள். நான் ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அந்த "ம்"முக்கு அப்புறம் இரண்டரை மாதம் அந்த ஸ்டிக்கர் அங்கே இருந்தது. இரண்டரை மாதமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணைத்தான். அவளும் சும்மா இருக்கவில்லை. கண் மூடியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால் தகடு சிக்கினால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே கை வைப்பாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதை எனக்குச் சொன்னது ஜமீலா அக்கா.

ஜமீலா அக்கா வண்ணாரப்பேட்டை. அதே கம்பெனியில் வெட்டி விழும் தகட்டை அடுக்கிக் கட்டுகிறவர். அந்த ஷெட்டில் இருந்த பெண்கள் இரண்டே பேர், உன் அம்மாவும் அவரும். உன் அம்மா போன நாள் காலையில் தகடு வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து நாலு பேர் பார்வையிட வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் தயாளன் ஸ்டிக்கரைப் பிய்த்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஃபிலோ, எட்த்தாச்சி. இனிமே கண்ணு தொறந்துதான் கீது, ஜாக்கிரத, சும்மா குறுக்க பூந்து லைன நிறுத்தாத" என்றான். எல்லோருக்கும் கேட்டது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும், உன் அம்மா கை கழுவப் போயிருந்த நேரத்தில், யாரும் பார்க்காதபோது, அவன் பையிலிருந்து எடுத்து மறுபடியும் ஒட்டியிருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை. மறந்தானா, சொன்னால் அவள் ஒவ்வொரு தடவையும் ஸ்விட்சை அணைத்து நேரம் ஆக்குவாள் என்று சொல்லாமல் விட்டானா, நாளைக்கு அதைத்தான் நான் கேட்க வைக்கப் போகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தகடு வாயில் சிக்கியது. கண் திறந்திருக்கிறது என்று நம்பி உன் அம்மா உள்ளே போனாள். கண் எல்லாம் ஓகே என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் நடந்ததை எழுத மாட்டேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் என் கையில் கொடுத்த பையில் அவளுடைய செருப்பு, வளையல், டிபன் பாக்ஸ் இருந்தன. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருந்தாள்.

மூன்றாம் நாளே கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை. அப்புறம் விசாரணை வந்தது. தயாளன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை வக்கீல் காட்டினார். அதில் ஸ்டிக்கர் என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்படி யாராவது ஒட்டியிருந்தால் அது இறந்துபோன பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவள் புருஷன் சென்சார் வேலை செய்கிறவன், எங்களுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. இதைப் படித்தபோதுதான் எனக்குள் ஏதோ ஒன்று கடைசியாக அசைந்தது. செத்தவள்மேல் போட்டுவிட்டான். அதுவும் என் படிப்பை எடுத்து.

சார்லஸ் மாமா துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர், உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் திருவொற்றியூர்க் கடலோரத்தில் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். "சொல்லு மாமா. ஒரே நாளு. சாத்தாங்காட்ல வண்டி ரிவர்ஸ் எடுக்க சொல்ல எத்தினி பேரு மாட்றான். ஒருத்தன் கேக்க மாட்டான்." நான் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே யோசித்தேன். எந்த வண்டி, எந்தத் திருப்பம், அவன் டீ குடிக்க வெளியே வரும் நேரம், எல்லாம். வேண்டாம் என்றேன். நல்லவன் என்பதால் இல்லை. வண்டி ஏறினால் ஒரு நொடியில் முடிந்துவிடும், உன் அம்மாவுக்கு முடிந்த மாதிரி. அவனுக்கு அவ்வளவு சுலபமாக முடியக் கூடாது. அவன் நிற்க வேண்டும், அவன் பெயரைக் கூப்பிட வேண்டும், அவன் செய்ததை ஒருவர் வரி வரியாகப் படிக்க வேண்டும், அவன் மகள் அதைக் கேட்க வேண்டும். அப்புறம் அவன் ரொம்ப நாள் உயிரோடு இருக்க வேண்டும். இதெல்லாம் எழுதத் தகாதது என்று நினைப்பாய். இதுதான் உன் அப்பா.

ஒரு மாதத்துக்கு முன்பு ஜமீலா அக்கா நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு பிஸ்கட் கொடுத்தார். நீ அந்தப் பக்கம் ஓடியதும், பையிலிருந்து ஒரு சோற்று டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒரு சாண்கூட இல்லாத சிவப்பு வெள்ளை ஸ்டிக்கர். "எல்லாரும் அவளத் தூக்கிகினு ஓட்ன நேரம் தம்பி. அவன் மட்டும் ஓடல. கண்ணாண்ட போனான், வர்க்குனு பிச்சான், ஸ்க்ராப்பு ட்ரம்ல போட்டான். நான் பாத்துகினே இருந்தேன். அப்பால போய் எட்த்து டப்பால போட்டுகினேன். எதுக்குனு அப்போ தெரியல. பத்து மாசமா வூட்ல பீரோவுல கீது, தூக்கமே வர மாட்டுது" என்றார். இதை வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். டப்பாவை மூடினார். "சொல்றேன். ஆனா பாதி சொல்ல மாட்டேன். அல்லா மேல ஆணையா சொல்லணும்னா, அவ வந்து அவன்கிட்ட, எங்க வூட்டுக்காரரு சொன்னாருன்னு சொன்னதையும் சேத்துதான் சொல்லுவேன். அது உனக்கு சம்மதமா? நீ இல்லன்னு சொல்லி, நான் ஆமான்னு சொன்னா, யார நம்புவாங்க?"

அந்த ஸ்டிக்கரை அவரிடம் ஒரு நாளைக்கு மட்டும் வாங்கிப்போய் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். பத்து வருஷமாகப் பிய்த்த டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பசை எங்கே ஒட்டியது, எப்போது பிரிந்தது, மறுபடி எங்கே ஒட்டியது என்பதை என்னைப் போலப் படிக்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை. பசையில் கண் பெட்டியின் விளிம்புத் தடம் இரண்டு இருந்தது, ஒன்றுக்கு ஒன்று ஒரு நூல் விலகி. ஒரு தடவை ஒட்டி, எடுத்து, மறுபடி ஒட்டியிருக்கிறது. இரண்டாவது தடத்தின் அடியில், அழுத்தப்பட்டு, நீல நிற நூல் பிசிறுகள். கம்பெனியில் ஆண்கள் போடும் சீருடைக் கால்சட்டையின் பைக்குள் இருக்கும் நூல். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஆண் கை, பெரிசு. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெற்றுக் கோடு, பழைய வெட்டுக் காயம். அவள் ஒட்டியிருந்தால் அந்த நூல் வந்திருக்காது. உன் அம்மாவின் கையை எனக்குத் தெரியும்.

மறுநாள் சாத்தாங்காட்டு டீக்கடைக்குப் போனேன். அவன் விரலைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான். என்னைக் கண்டதும் எழுந்துகொள்ளவில்லை. "உக்காரு தம்பி. டீ சொல்லட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? எனக்கும் பொண்ணு கீது" என்றான். அவன் கண்ணாடி கிளாஸைப் பிடித்திருந்தான். நான் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "இத பார். நானா கண்டுபுட்ச்சேன் அத்த? எட்டாவது பெயிலு நானு. சொல்லிக் குட்த்தது நீ. எட்த்துகினு வந்தது உன் பொண்டாட்டி. ஒட்னது நானு. மூணு பேரு கை பட்டுகீது. நோண்டுனா மொதல்ல யார் கை நாறும், சொல்லு? பேசாம சைன் போட்டுட்டு புள்ளய வளக்குற வழியப் பாரு." கிளாஸைச் சுழற்றினான். வலது கட்டைவிரலில், ரேகைக்குக் குறுக்கே, சாய்வாக, தகடு கிழித்த பழைய தழும்பு. "டீ ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வக்கீல் சொன்னார், நீங்கள் அவளிடம் எதுவும் சொன்னதில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அவன் கதை அங்கேயே விழுந்துவிடும். சார்லஸ் மாமாவும் அதையே சொன்னார், "கம்முனு தெரியாதுன்னு சொல்லிட்டு வா மாமா, முட்ஞ்சிது" என்று. அப்போது அவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாது. தெரியாது என்று சொன்னால் என் பெயருக்கு ஒன்றும் ஆகாது. இந்த வேலை இருக்கும், உன் மாமா முகம் கொடுத்துப் பேசுவார். ஆனால் ஜமீலா அக்கா வர மாட்டார். அவர் வராவிட்டால் ஸ்டிக்கர் குப்பை. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் நீல நூல் இல்லை, கட்டைவிரல் இல்லை, மறுபடி ஒட்டியது இல்லை, உன் அம்மா எதை நம்பி உள்ளே போனாள் என்பது இல்லை. அவன் வெளியே வந்து அதே டீக்கடையில் உட்காருவான். என்னைக் கொடுக்காமல் அவனைப் பிடிக்க வழியில்லை.

நேற்று மாமாவிடம் சொன்னேன். அதே கருங்கல். யானை வரைக்கும், லாரி ஸ்டிக்கர் வரைக்கும், "ம்" வரைக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, "நீயா? அக்காக்கு நீயா?" என்றார். எழுந்து நடந்தார். ரொம்பத் தூரம் போய்விட்டார், போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளான்னிக்கி நானும் வர்றேன்" என்றார். "உன் பக்கத்துல குந்த மாட்டேன். அவனுக்கு எதிர்ல குந்துவேன். நீ சொல்றத அவன் கேக்க சொல்ல, அவன் மூஞ்சி எப்டி மாறுதுன்னு பாக்கணும்." அவ்வளவுதான். இன்று காலையில் உன்னை விட்டுவரப் போனேன். உன்னை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இதில் உனக்கு என்ன புத்தி சொல்வது என்று தெரியவில்லை. பழி வாங்காதே என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அப்படி நான் நினைக்கவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். யாரையாவது வீழ்த்த வேண்டுமென்றால், அளந்து, சரியாக, முழுசாகச் செய், அதில் உன் பங்கு இருந்தால் அதை ஒளிக்காதே. ஒளித்தால் அங்கேதான் எதிரி பிடிப்பான். இந்தக் கடிதத்தில் நீ வெறுப்பதற்கு இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். யாரை முதலில் வைப்பது என்பது உன் இஷ்டம். என்னை முதலில் வைத்தாலும் நான் மறுக்க மாட்டேன். இரண்டாவதாகவாவது அவன் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

மணி ஆறாகிறது. உலை ஆறிவிட்டது. இதை மூடி வைத்துவிட்டுப் போய்த் திறக்கப் போகிறேன். ஏடு நன்றாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நாளைக்கப்புறம் இங்கே விடுவார்களோ என்னவோ. நைனா, தயாளன் நாளைக்கு நிம்மதியாக வருவான். அவன் நம்பியிருப்பது என் வெட்கத்தை. எங்களுக்குப் பெயர் போய்விடும், பையன் கேட்பான் என்று நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அளந்து வைத்திருக்கிறான். லைனுக்குச் செய்ததையே எனக்கும் செய்திருக்கிறான். என் வெட்கத்தை ஒரு துண்டு வெட்டி, என் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறான். காலை பத்து மணிக்கு, அவன் எதிரே சார்லஸ் மாமா உட்கார்ந்திருக்க, ஜமீலா அக்கா வாசலில் டப்பாவோடு நிற்க, என்னிடம் பெயர் கேட்பார்கள், வேலை கேட்பார்கள். அப்புறம் நான் சொல்லப் போகும் முதல் வரி, "அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்." அதோடு ஒட்டியது பிய்ந்துவிடும். பிய்ப்பது எனக்குத் தெரிந்த வேலை.

உன் அப்பா